துண்டு போட்ட ஆள் எங்கே? ஃபைல் லாக் சிக்கலைத் துப்பறிவது எப்படி

எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னிக்கு ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடது.

நான் படிச்சுக்கிட்டிருந்தப்போ எங்க ஆய்வகத்துல ஒரே ஒரு பெரிய லினக்ஸ் சர்வர்தான். பன்னிரண்டு பேர். எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்லேர்ந்து அந்த சர்வருக்குள்ள போய்த்தான் வேலை பார்ப்போம். ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் இருந்தது. ஆனா ப்ராஜெக்ட் வேலைக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரே லாகின். அதோட பாஸ்வேர்ட் ஒயிட்போர்டு மூலையில எழுதியிருக்கும். வசதியா இருக்குன்னு நினைச்சோம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி. திங்கட்கிழமை காலையில எனக்கு ரிவியூ. பொது டேட்டாபேஸ்லேர்ந்து நாலு வரைபடம் எடுக்கணும், அவ்வளவுதான் பாக்கி. ஸ்கிரிப்டை ஓட்டினா, அஞ்சு விநாடி நின்னுட்டு ஒரு வரி வருது: டேட்டாபேஸ் இஸ் லாக்ட். மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே வரி.

அது எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ். மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல்ல இருக்கும். அந்த ஃபோல்டர்ல பார்த்தா, டேட்டாபேஸ் பேருக்குப் பின்னாடி 'ஜர்னல்'னு ஒட்டிக்கிட்டு இன்னொரு ஃபைல் கிடக்கு. 'ஆஹா, இதுதான் பூட்டு'ன்னு முடிவு பண்ணி அழிச்சிட்டேன். அப்பவும் திறக்கல. சரி, யார் பிடிச்சிருக்காங்கன்னு பார்த்தா, மத்தியானத்துலேர்ந்து ஒரு பைத்தான் ப்ராசஸ் நின்னுக்கிட்டிருக்கு. பொது லாகின்ங்கிறதால யாரோடதுன்னு தெரியல. ஏதோ தொங்கிப்போன ப்ராசஸ்னு நினைச்சு, 'கில் மைனஸ் நைன்' அடிச்சேன்.

டேட்டாபேஸ் திறந்துடுச்சு. ரெண்டு வரைபடம் வந்தது. மூணாவதுக்குப் போனா வேற ஒரு வரி: டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட். அதாவது டேட்டாபேஸ் சிதைஞ்சு போச்சு.

அந்த டேட்டாபேஸ்ல என் ஜூனியர் ஒருத்தி ஏரிகளோட படங்களை ஒவ்வொண்ணா பார்த்து, எங்கே தண்ணி, எங்கே ஆகாயத்தாமரைன்னு கையால குறிச்சு வெச்ச விவரமெல்லாம் இருந்தது. கடைசி பேக்கப் எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்னிக்கு நான் என்ன பண்ணியிருக்கணும்? இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

துண்டும் கண்டக்டர் நோட்டும்

பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கும்போது ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போம் இல்லையா? அந்தத் துண்டு யாரையும் தடுக்காது. எடுத்துக் கீழே போட்டுட்டு உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். ஆனா 'துண்டு கிடக்கு, ஆள் வர்றாங்க'ங்கிற மரியாதையில மத்தவங்க உட்கார மாட்டாங்க.

கம்ப்யூட்டர்ல லாக் ஃபைல்ங்கிறது இந்தத் துண்டுதான். ஒரு நிரல் வேலையை ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி வைக்கும். வேலை முடிஞ்சதும் அழிச்சிடும். அடுத்து வர்ற நிரல் அந்த ஃபைலைப் பார்த்தா ஒதுங்கி நிக்கும். லிப்ரே ஆஃபீஸ்ல ஒரு டாக்குமென்ட் திறந்தா அதே ஃபோல்டர்ல மறைஞ்ச ஃபைல் ஒண்ணு உருவாகும். யார், எந்த மெஷின்லேர்ந்து, எப்போ திறந்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும். ஈமேக்ஸ் எடிட்டரும் இப்படி ஒண்ணு வைக்கும். அதுல யூசர் பேர், மெஷின் பேர், ப்ராசஸ் நம்பர் மூணும் இருக்கும்.

துண்டுல ஒரு பிரச்சினை இருக்கு. துண்டு போட்டவர் பஸ்ஸை விட்டு இறங்கிப் போயிட்டா? துண்டு அங்கேயே கிடக்கும். நிரல் பாதியில செத்துப்போனா, கரன்ட் போய் சர்வர் அணைஞ்சா, லாக் ஃபைல் மட்டும் அநாதையா நிக்கும்.

இரண்டாவது வகை, கண்டக்டர் நோட்டு. இங்கே கண்டக்டர்ங்கிறது கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி. நிரல் நேரடியா கெர்னல்கிட்ட போய், 'இந்த ஃபைல் எனக்கு வேணும், குறிச்சு வெச்சுக்கோ'ன்னு சொல்லும். கெர்னல் தன் நோட்டுல எழுதிக்கும். இதுல பெரிய நன்மை என்னன்னா, அந்த ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் சரி, கெர்னலுக்குத் தெரியும். உடனே பேரை அடிச்சிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வரலாம். ஒரே மெஷின்ல லாக் ஃபைல் கிடந்தா, அதைப் போட்டவர் உயிரோட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா கெர்னல் பூட்டு இருக்குன்னா, அதைப் பிடிச்சிருக்கிற ப்ராசஸ் ஒண்ணு நிச்சயமா உயிரோட இருக்கு. அது எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் நிறைய விபத்து. உபுன்டு யூஸ் பண்றவங்க இதைப் பார்த்திருப்பீங்க. ஒரு மென்பொருளை இன்ஸ்டால் பண்ணப் போனா, 'டீ பேக்கேஜ் லாக் கிடைக்கல'ன்னு வரும். உடனே 'அந்த லாக் ஃபைலை அழிச்சிடு'ன்னு யாராவது யோசனை சொல்வாங்க. ஆனா அங்கே அந்த ஃபைல் துண்டு இல்லை. அது எப்பவும் அங்கேயேதான் இருக்கும், யாரும் எதுவும் இன்ஸ்டால் பண்ணாதப்பவும். உண்மையான பூட்டு கெர்னல் நோட்டுல இருக்கு. ஃபைலை அழிச்சா என்ன ஆகும்? பழைய ஆள் பழைய ஃபைல் மேல பூட்டைப் பிடிச்சிருப்பார். நீங்க புதுசா ஒரு ஃபைலை உருவாக்கி அது மேல பூட்டு வாங்குவீங்க. ரெண்டு பேருமே 'சீட் எனக்குத்தான்'னு நினைச்சு ஒரே நேரத்துல வேலை செய்வீங்க. பூட்டு எதைத் தடுக்க வந்ததோ, அதுவே நடக்கும்.

இன்னொண்ணு. கண்டக்டர் நோட்டும்கூட முரட்டுத் தடுப்பு இல்லை. நோட்டைப் பார்த்து நடக்கிற நிரலுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பார்க்காம நேரா ஃபைல்ல எழுதப் போற நிரலை லினக்ஸ் தடுக்காது. இதை ஆலோசனைப் பூட்டுன்னு சொல்லலாம். கட்டாயப் பூட்டுன்னு ஒண்ணு லினக்ஸ்ல முன்னாடி இருந்தது. அதை நம்பி யாரும் பெரிசா வேலை செய்யல, அதுலயும் ஓட்டைகள் இருந்தது. அதனால 2021-ல வந்த 5.15 கெர்னல்ல எடுத்தே விட்டாங்க. விண்டோஸ் இதுல வேற மாதிரி. அங்கே ஒரு ஃபைலைத் திறக்கும்போதே, 'மத்தவங்க எழுதக்கூடாது, அழிக்கக்கூடாது'ன்னு சொல்லித் திறக்கலாம், சிஸ்டமே அதை அமல்படுத்தும்.

சரி, நான் அழிச்சேனே அந்த ஜர்னல் ஃபைல், அது எந்த வகை?

ரெண்டும் இல்லை. அது பூட்டே இல்லை. எஸ்.க்யூ.லைட் வழக்கமான முறையில ஒரு மாற்றத்தை எழுதறதுக்கு முன்னாடி, மாறப்போற பக்கங்களோட பழைய நகலை அந்த ஜர்னல்ல எடுத்து வெச்சுக்கும். பாதியில ஏதாவது ஆயிட்டா, அடுத்து டேட்டாபேஸைத் திறக்கிற நிரல் அந்த ஜர்னலைப் பார்த்து, பழைய பக்கங்களைத் திருப்பி எழுதி, டேட்டாபேஸை முந்தைய நல்ல நிலைக்குக் கொண்டுவந்துடும். அதாவது நான் பூட்டுன்னு நினைச்சு அழிச்சது, கீழே விழுந்தா தாங்கறதுக்கு விரிச்சு வெச்சிருந்த வலையை. வலையை எடுத்துட்டு, அப்புறம் ஆளை மாடியிலேர்ந்து தள்ளிவிட்டேன். இந்த ரெண்டுல எதையாவது ஒண்ணை மட்டும் செஞ்சிருந்தா டேட்டா தப்பிச்சிருக்கும். நான் ரெண்டையும் செஞ்சேன், அதுவும் சரியா அந்த வரிசையில.

துப்பறியும் ஐந்து கேள்விகள்

எங்க சிஸ்டம்ஸ் சார் ஒருத்தர் இருந்தார். பேசினா நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். மறுநாள் அவர்தான் எனக்கு இதையெல்லாம் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதை நான் அஞ்சு கேள்வியா வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் இந்த வரிசையை மாத்தறதில்லை.

முதல் கேள்வி: எந்த மெஷின்? ஃபைல் இந்த சர்வரோட சொந்த டிஸ்க்ல இருக்கா, இல்லை நெட்வொர்க் வழியா வேற எங்கிருந்தோ வருதா? சொந்த டிஸ்க்னா எல்லாத் தடயமும் இங்கேயே கிடைக்கும். நெட்வொர்க் டிஸ்க்னா கதை வேற, அதுக்குப் பிறகு வர்றேன்.

ரெண்டாவது: என்ன வகைப் பூட்டு? துண்டா, நோட்டா? துண்டுன்னா, அந்த லாக் ஃபைலைத் திறந்து படிங்க. நல்ல நிரல்கள் அதுல ப்ராசஸ் நம்பரையும் மெஷின் பேரையும் எழுதி வைக்கும். அந்த மெஷின்ல அந்த நம்பர்ல ப்ராசஸ் இருக்கான்னு பாருங்க. இருக்குன்னா அது அதே நிரல்தானான்னும் பாருங்க. ஏன்னா ப்ராசஸ் நம்பர்கள் சுத்திச் சுத்தி வரும். போன வாரம் செத்துப்போன நிரலோட நம்பர் இன்னிக்கு வேற யாரோடதாவோ இருக்கலாம். அதைப் பார்க்காம கில் அடிச்சா, சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட வேலை போயிடும்.

மூணாவது: யார் பிடிச்சிருக்காங்க? கண்டக்டர் நோட்டை நாமே படிக்கலாம். லினக்ஸ்ல 'ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் லாக்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கு. அதுல ஒவ்வொரு வரியும் ஒரு பூட்டு. பூட்டோட வகை, படிக்கவா எழுதவா, பிடிச்சிருக்கிற ப்ராசஸ் நம்பர், ஃபைலோட ஐநோட் எண், ஃபைல்ல எங்கிருந்து எதுவரைக்கும்னு எல்லாம் இருக்கும். வரியோட ஆரம்பத்துல ஓர் அம்புக்குறி இருந்தா, அந்த ப்ராசஸ் வரிசையில காத்திருக்குன்னு அர்த்தம்.

அதுல ஃபைலோட பேர் இருக்காது, ஐநோட் எண்தான் இருக்கும். ஐநோட்ங்கிறது டிஸ்க்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கிற கதவு எண் மாதிரி. அந்தச் சிரமம் வேண்டாம்னா 'எல்.எஸ்.லாக்ஸ்'னு ஒரு கமாண்ட் இருக்கு. அதே விவரத்தைப் பேரோட அட்டவணையா காட்டும். 'எஃப்யூசர்', 'எல்.எஸ்.ஓ.எஃப்' ரெண்டும் இன்னொரு பக்கத்துலேர்ந்து வரும். பூட்டை விட்டுட்டு, இந்த ஃபைலை யார் யார் திறந்து வெச்சிருக்காங்கன்னு சொல்லும். எல்.எஸ்.ஓ.எஃப் காட்டுற அட்டவணையில ஃபைல் எண்ணுக்குப் பக்கத்துல பெரிய டபிள்யூ எழுத்து இருந்தா, முழு ஃபைலுக்கும் எழுதுற பூட்டு பிடிச்சிருக்காங்கன்னு பொருள்.

ஒரு எச்சரிக்கை. பல பேர் பயன்படுத்துற மெஷின்ல, சாதாரண யூசரா இருந்து எஃப்யூசர், எல்.எஸ்.ஓ.எஃப் ஓட்டினா மத்தவங்க ப்ராசஸ் எதைத் திறந்து வெச்சிருக்குன்னு தெரியாது. பதில் வெறுமையா வரும். அதைப் பார்த்து 'யாரும் பிடிக்கல'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். அட்மின்கிட்ட ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

நாலாவது கேள்வி: அந்த ப்ராசஸ் என்ன நிலையில இருக்கு? நான் அன்னிக்குக் கேட்காம விட்டது இதைத்தான். 'பி.எஸ்' கமாண்ட் ஓட்டினா நிலைன்னு ஓர் எழுத்து வரும். ஆர்னா ஓடுது. எஸ்னா எதுக்கோ காத்திருக்கு. இசட்னா செத்தும் பெயர்ப் பதிவு நீங்காத ஜாம்பி. அது திறந்த ஃபைலெல்லாம் ஏற்கெனவே மூடியாச்சு, அதால பூட்டைப் பிடிக்க முடியாது, சந்தேகப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். டீ எழுத்து வந்தா, ஓடின ப்ராசஸை யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் யாராவது 'கன்ட்ரோல் இசட்' அழுத்தியிருப்பாங்க. கன்ட்ரோல் இசட் நிரலை முடிக்காது, உறைய வைக்கும். கையில இருக்கிற பூட்டோடயே உறையும்.

டி எழுத்து, அதாவது ஆங்கில எழுத்து வரிசையில நாலாவது, அது வந்தா டிஸ்க்கோ நெட்வொர்க்கோ பதில் சொல்லக் காத்திருக்கு. இதுக்கு கில் மைனஸ் நைன்கூட உடனே வேலை செய்யாது. பிரச்சினை நிரல்ல இல்லை, டிஸ்க்லயோ நெட்வொர்க்லயோ இருக்கு. அங்கே போய்த் தேடுங்க.

அஞ்சாவது: மெதுவா விடுவிக்க வழி இருக்கா? முதல்ல அந்த ஆளைக் கேளுங்க. அப்புறம் உறைஞ்சிருந்தா எழுப்புங்க. அதுவும் முடியலன்னா சாதாரண கில். அது நிரல்கிட்ட 'கிளம்புப்பா'ன்னு சொல்றது, கையில இருக்கிறதை ஒழுங்குபடுத்திட்டுக் கிளம்ப நேரம் தரும். கில் மைனஸ் நைன் கடைசி. அது சொல்லிக்கிட்டு வர்றதில்லை. எந்தக் கட்டத்துலயும் நிரல் உருவாக்கின துணை ஃபைல்கள்ல கை வைக்காதீங்க.

அன்னிக்கு என்ன நடந்ததுன்னு இப்போ தெரியுது. ஜூனியர் மத்தியானம் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியிருக்கா. குறிச்ச விவரம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல வேற வடிவத்துக்கு மாத்துற ஸ்கிரிப்ட். நடுவுல ஏதோ பார்க்கணும்னு கன்ட்ரோல் இசட் அழுத்தியிருக்கா. அப்போ வீட்டிலேர்ந்து போன் வந்திருக்கு. எழுந்து போனவ மறந்துட்டா. பாதி எழுதின நிலையில, பிரத்யேகப் பூட்டோட, அந்த ப்ராசஸ் எட்டு மணி நேரமா உறைஞ்சு நின்னிருக்கு. பி.எஸ்-ல டீ எழுத்து தெளிவா இருந்திருக்கும். நான் அந்தப் பக்கமே பார்க்கல. 'கில் மைனஸ் கான்ட்'னு ஒரு வரி போதும், அது எழுந்து வேலையை முடிச்சுப் பூட்டைத் திறந்திருக்கும். அதைவிட எளிது, குரூப்ல 'யாரோட ஸ்கிரிப்ட் இது?'ன்னு ஒரு மெசேஜ்.

செத்தவர் பேர்ல பூட்டு

'கெர்னல் பூட்டுன்னா பிடிச்சவர் உயிரோட இருப்பார்'னு சொன்னேன். அதுல ஒரு சின்ன வளைவு இருக்கு. அதைச் சில வருஷம் கழிச்சு, வேலைக்குப் போன இடத்துல கத்துக்கிட்டேன்.

அங்கே தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கணக்கு வேலை ஓடணும். ஒரே நேரத்துல ரெண்டு தடவை ஓடிடக்கூடாதுன்னு, 'எஃப்லாக்' கமாண்டால பூட்டுப் போட்டுத்தான் ஓட்டுவாங்க. பூட்டு கிடைக்கலன்னா சத்தமில்லாம விலகிக்கணும்னு அமைப்பு. நாலு நாளா அறிக்கை வரல. எர்ரரும் இல்லை. சத்தமில்லாம விலகச் சொன்னோம், அதுவும் விலகிடுச்சு.

எல்.எஸ்.லாக்ஸ் ஓட்டினேன். பூட்டு இருக்கு, ப்ராசஸ் நம்பரும் இருக்கு. ஆனா அந்த நம்பர்ல ப்ராசஸே இல்லை! பேயா பூட்டைப் பிடிச்சிருக்கு?

விஷயம் இதுதான். லினக்ஸ்ல கெர்னல் பூட்டுகள்ல பிரபலமான குடும்பம் ரெண்டு. ஒண்ணு பாசிக்ஸ் பூட்டு. அது ப்ராசஸோட சேர்ந்தது. ப்ராசஸ் போனா போச்சு, பிள்ளை ப்ராசஸுக்கு வாரிசா வராது. இன்னொண்ணு எஃப்லாக். அது திறந்து வெச்சிருக்கிற ஃபைல் இணைப்போட சேர்ந்தது. ஒரு ப்ராசஸ் பூட்டைப் பிடிச்சிட்டு ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்கினா, அந்த இணைப்பு பிள்ளைக்கும் போகும். அப்பா இறங்கிப் போயிட்டாலும், மடியில இருந்த குழந்தை சீட்டுல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சீட் காலி இல்லை. நோட்டுல மட்டும் அப்பா பேரே இருக்கும்.

எங்க ராத்திரி வேலைக்குள்ள யாரோ புதுசா ஒரு சின்ன சர்வீஸை பின்னணியில கிளப்பிவிட்டிருந்தாங்க. வேலை முடிஞ்சும் அந்த சர்வீஸ் ஓடிக்கிட்டே இருந்தது, பூட்டை மடியில வெச்சுக்கிட்டு. இந்த மாதிரி நேரத்துல ப்ராசஸ் நம்பரை நம்பாதீங்க. லாக் ஃபைலைக் காட்டி எஃப்யூசர் ஓட்டுங்க. யார் அதைத் திறந்து வெச்சிருக்காங்களோ, அவங்கதான் வாரிசு. ரூட்டா இருந்து ஓட்டினேன், ஒரே நிமிஷத்துல ஆள் கிடைச்சாச்சு. எஃப்லாக் கமாண்டுக்கு 'மைனஸ் ஓ'ன்னு ஓர் ஆப்ஷன் இருக்கு. உள்ளே ஓடுற வேலைக்கு அந்த இணைப்பைக் கொடுக்காம மூடிடும். அதைச் சேர்த்ததும் தீர்ந்தது.

பாசிக்ஸ் பூட்டுலயும் ஒரு கண்ணி இருக்கு. நிரல் எழுதறவங்க கவனிங்க. ஒரே ப்ராசஸ் ஒரே ஃபைலை ரெண்டு இடத்துல திறந்து, அதுல ஒண்ணை மட்டும் மூடினாகூட, அந்த ஃபைல் மேல அந்த ப்ராசஸ் வெச்சிருந்த பாசிக்ஸ் பூட்டு மொத்தமும் போயிடும். 'பூட்டுப் போட்டேனே, எப்படி இன்னொருத்தன் உள்ளே வந்தான்?'னு தலையைப் பிய்ச்சுக்கிற கேஸ்கள்ல ஒரு காரணம் இதுவா இருக்கும்.

பஸ் வேற, டிப்போ வேற

இப்போ நெட்வொர்க் டிஸ்க். கல்லூரிகள்லயும் பெரிய கணினிக் குழுமங்கள்லயும் எல்லாரோட ஹோம் ஃபோல்டரும் ஒரு மைய சர்வர்ல இருக்கும். என்.எஃப்.எஸ் வழியா எல்லா மெஷினுக்கும் தெரியும். நீங்க அஞ்சாவது மெஷின்ல இருக்கீங்க, பூட்டைப் பிடிச்சவர் பன்னிரண்டாவது மெஷின்ல இருக்கார். உங்க மெஷின் நோட்டை எவ்வளவு புரட்டினாலும் அவர் பேர் வராது. ஒவ்வொரு பஸ் கண்டக்டருக்கும் தன் பஸ் விவரம் மட்டும்தான் தெரியும், முழுக் கணக்கு டிப்போவுல இருக்கும். அதனால 'எந்த மெஷின்?'ங்கிற கேள்வி முதல்ல வருது. ஒரு லாக் ஃபைல்ல வெறும் ப்ராசஸ் நம்பர் மட்டும் இருந்து மெஷின் பேர் இல்லைன்னா, இங்கே அதுக்கு அர்த்தமே இல்லை.

செத்தவர் பூட்டு உண்மையிலேயே நிக்கக்கூடிய இடமும் இதுதான். பழைய மூணாம் பதிப்பு என்.எஃப்.எஸ்-ல பூட்டு வேலையைத் தனி சர்வீஸ் ஒண்ணு பார்த்துக்கும். ஒரு மெஷின் திடீர்னு செத்து, திரும்ப எழுந்து 'நான் ரீபூட் ஆனேன்'னு சர்வருக்குச் சொல்லலைன்னா, அதோட பூட்டு அப்படியே தங்கிடலாம். நாலாம் பதிப்புல குத்தகை முறை. மெஷின் தன் குத்தகையைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். லினக்ஸ் சர்வர்ல வழக்கமான குத்தகைக் காலம் 90 விநாடி. அது தாண்டியும் சத்தம் இல்லைன்னா சர்வர் பூட்டை விடுவிச்சிடலாம். அதனால நாலாம் பதிப்புல ஒரு மெஷின் செத்தப்புறம் பூட்டு திறக்கலைன்னா, முதல்ல ரெண்டு நிமிஷம் பொறுங்க. பாதி கேஸ் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தானா சரியாயிடும்.

எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸை என்.எஃப்.எஸ்-ல வெச்சுப் பல மெஷின்லேர்ந்து எழுதறதை முடிஞ்சவரை தவிர்த்துடுங்க. படிக்கிறவங்களும் எழுதறவங்களும் இடிச்சுக்காம இருக்க 'வால்'னு ஒரு முறை 2010-லேர்ந்து அதுல இருக்கு, நல்ல முறைதான். ஆனா அது எல்லா ப்ராசஸும் ஒரே மெஷின்ல இருந்தாத்தான் வேலை செய்யும், ஏன்னா அவங்களுக்குள்ள நினைவகத்தைப் பகிர்ந்துக்கணும். பல மெஷின்லேர்ந்து எழுதணும்னா போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ் சர்வருக்குப் போயிடுங்க.

வராம தடுக்க

நாலே விஷயம். ஒண்ணு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்க. பைத்தான்ல எஸ்.க்யூ.லைட் தானா அஞ்சு விநாடிதான் காத்திருக்கும். பல பேர் இருக்கிற இடத்துல அது போதாம போகலாம். ரெண்டு, பூட்டைப் பிடிச்சுக்கிட்டு நீளமான வேலை செய்யாதீங்க. கணக்கை வெளியே போட்டுட்டு, எழுதறதை மட்டும் சின்னச் சின்னதா உள்ளே செய்ங்க. மூணு, நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினா துண்டு போடாதீங்க, கெர்னல் பூட்டைப் பயன்படுத்துங்க. துண்டுதான் போடணும்னா அதுல உங்க பேர், மெஷின், ப்ராசஸ் நம்பர், நேரம் எழுதுங்க. நாலு, ஒரே லாகினைப் பங்கு போடாதீங்க. அன்னிக்கு அந்த ப்ராசஸ் பக்கத்துல அவ யூசர் பேர் இருந்திருந்தா நான் போன் பண்ணியிருப்பேன். அவ அக்கவுன்ட்ல இருந்திருந்தா என்னால கில் அடிச்சிருக்கவே முடியாது.

கடைசியா, அந்த ஞாயிற்றுக்கிழமை. எஸ்.க்யூ.லைட்ல 'ரெகவர்'னு ஒரு கமாண்ட் இருக்கு, சிதைஞ்ச ஃபைல்லேர்ந்து படிக்க முடிஞ்சதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். சார் அதை ஓட்டினார். நிறைய வரிகள் வந்தது. ஆனா எது பழைய வடிவம், எது புதுசு, எது நடுவுல மாட்டினதுன்னு பிரிக்க முடியல. பேக்கப்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிறதுதான் நேர்மையான வழின்னு ஆச்சு. பன்னிரண்டு நாள் வேலை.

அவ, 'நான் கன்ட்ரோல் இசட் அழுத்திட்டுப் போனதாலதான் கெட்டுப் போச்சு, என் தப்புதான் அண்ணா'ன்னு என்கிட்டயே வந்து அழுதா. அன்னிக்கு நான் வாயைத் திறக்கல. திங்கட்கிழமை ரிவியூ முடியட்டும்னு ஒரு சாக்கு. செவ்வாய்க்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, கமாண்ட் ஹிஸ்டரியைக் காட்டினார். பொது லாகின் ஆனாலும், எத்தனை மணிக்கு எந்த லேப்டாப்லேர்ந்து உள்ளே வந்தாங்கன்னு சர்வர் எழுதி வெச்சிருக்கும். திட்டவே இல்லை. 'துண்டைத் தூக்கி எறியறதுக்கு முன்னாடி ஆளைப் பாருப்பா'ன்னு மட்டும் சொன்னார். இந்த பஸ் உவமையே அவரோடதுதான்.

அன்னிக்கு சாயங்காலம் அவகிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், 'ரெண்டு நாளா நான் தூங்கலண்ணா'ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஒன்பது நாள் ராத்திரி ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து அந்த ஏரிப் படங்களைக் குறிச்சு முடிச்சோம். சென்னையைச் சுத்தி எந்த ஏரியில எவ்வளவு ஆகாயத்தாமரைன்னு எனக்கு இன்னமும் மனப்பாடம்.

ஒயிட்போர்டு மூலையில இருந்த பாஸ்வேர்டை அழிச்சதும் அந்த வாரம்தான்.

உங்க ஆபீஸ்லயோ கல்லூரியிலயோ இப்படிப் பூட்டு மாட்டிக்கிட்ட கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். ஏன்னு உங்களுக்கே தெரியும். வரட்டுமா.